பூஜையில் இருந்த தகடு

போன வாரம் எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. மைசூர் விஜயநகரில் என் மகன் கட்டிய வீடு இது. கட்டி ஆறு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் எல்லாக் குழாய்க்கும் ஜலதோஷம் பிடித்துவிட்டது. ரிப்பேர்க்காரர் வந்தார். பழைய பித்தளைத் துண்டு ஒன்றை ரம்பத்தால் அறுத்து, அறுத்த வாயை அரத்தால் தேய்த்துப் பிசிர் எடுத்தார். ஏழெட்டுத் தேய்ப்புதான். நான் பக்கத்தில் நின்றுகொண்டு அவருக்குத் தேவையில்லாத யோசனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கிழவர்களுக்கு வேறென்ன வேலை? பித்தளை வாசனை எழுந்ததும் சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டேன். கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "என்னப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்று மகன் கேட்டான். போட்டேன் என்றேன்.

பித்தளைக்கு ஏது வாசனை என்று கேட்பீர்கள். சும்மா கிடக்கிற பித்தளைக்குக் கிடையாது. அரம் பட்டுச் சூடான பித்தளைக்கு உண்டு. விரலில் ஏறிவிட்டால் சோப்புக்கும் சீயக்காய்க்கும் மசியாது. சோற்றைப் பிசைந்தால் சோற்றில் வரும், தலையைச் சொறிந்தால் தலையில் வரும். என் இருபத்திரண்டாம் வயதில் ஏறக்குறைய ஒரு வருஷம் அந்த வாசனையோடுதான் நான் சாப்பிட்டேன், தூங்கினேன், ஆபீசுக்குப் போய்க் கோப்புகளுக்கு எண் போட்டேன். பக்கத்து மேஜை குமாஸ்தா, "ஏன்யா, வீட்டுல பாத்திரக்கடை வச்சிருக்கியா?" என்று கேட்பார். துப்பாக்கித் தோட்டாவை அரத்தால் ராவுகிறேன் என்று அவரிடம் சொல்ல முடியுமா? சிரித்து மழுப்புவேன்.

எனக்குத் துப்பாக்கி சுடத் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் தீபாவளிக்கு யாராவது அணுகுண்டு வெடித்தால் காதைப் பொத்திக்கொள்கிற ஆள்தான் நான். சுடுகிறவர் மாமா. மாமா என்றால் என் அக்காவின் கணவர். படிப்பு முடிந்து மைசூரில் குமாஸ்தா வேலை கிடைத்ததும் நான் அக்கா வீட்டில்தான் தங்கினேன். அக்ரஹாரத்தில், இரண்டு ஜட்கா எதிரும் புதிருமாக வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்து ஒன்றில் வீடு. அக்காவுக்குக் குழந்தை இல்லை. அதனால் அவள் அதட்டலெல்லாம் எனக்கே முழுசாக வந்து சேர்ந்தது.

மாமா வரைபட ஆபீசில் படம் போடுகிறவர். அவர் கையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ரூல்தடி வைக்காமல் இரண்டடி நீளத்துக்குக் கோடு இழுப்பார். பிறகு ரூல்தடியை வைத்துப் பார்த்தால் அது பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். ஆற்றின் வளைவு, ஏரியின் கரை, ஊருக்கு ஊர் போகிற வண்டித்தடம் எல்லாம் அந்தக் கையிலிருந்து மை சிந்தாமல் இறங்கும். மார்கழியில் அக்கா வாசலில் போட்ட கோலத்தை ஆபீசுக்குக் கிளம்பும்போது நின்று பார்த்து, "நாலாவது புள்ளி அரை விரல்கடை மேற்கே போயிடுச்சு" என்பார். அக்காவுக்கு வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "அப்ப நாளைலேருந்து நீங்களே போடுங்க. நான் போய் ஆபீசுல உக்காந்துக்கறேன்" என்பாள். மறுநாள் அவர் நிஜமாகவே போட்டுவிட்டார். சந்துப் பெண்கள் கூடி நின்று பார்த்தார்கள். பிறகு எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் மணவறைக் கோலத்துக்கு அவரைக் கூப்பிட வருவார்கள். மாமா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெட்கமே இல்லாமல் போய் உட்கார்ந்து போட்டுவிட்டு வருவார்.

அந்த மனிதருக்கு ஒரே ஒரு பைத்தியம், ரைபிள். எங்கோ காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது விற்ற பழைய துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போட முடியும். கீழே இருக்கிற இரும்புக் கைப்பிடியை இறக்கினால் பின்பக்கம் திறக்கும், தோட்டாவைச் செருகி, கைப்பிடியை ஏற்றி மூட வேண்டும். லைசென்ஸ் உண்டு. அவர் எதையும் கொன்று நான் பார்த்ததில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் ஒரு கௌடரின் கரும்புத் தோட்டம் இருந்தது. அங்கே மண்மேட்டில் அட்டையை நட்டுச் சுடுவார். கோடு போடுகிறதும் இதுவும் ஒன்றுதான் என்பார்.

அப்போது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். சீமைத் தோட்டா கடைக்கு வருவது நின்றுபோயிற்று. அதனால் வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூடுகளையே சேர்த்து வைத்து, வீட்டில் மறுபடி வெடிமருந்து நிரப்ப வேண்டியதாயிற்று. பின்கட்டில், அக்காவின் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில் எங்கள் பட்டறை. வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். மருந்தை நிறுப்பதும் குண்டு வைப்பதும் மாமா. அதற்கென்று தங்கம் நிறுக்கிற சின்னத் தராசு ஒன்று வைத்திருந்தார். அவர் நிறுக்கும்போது யாரும் பேசக்கூடாது, மின்விசிறி இல்லாத வீட்டில் மூச்சைக்கூட அந்தப் பக்கம் திரும்பி விட வேண்டும். கூடுகளை ராவி அளவுக்குக் கொண்டுவருவது நான்.

ராவுவது எதற்கு என்றால், ஒவ்வொரு தடவை வெடிக்கும்போதும் அந்தப் பித்தளைக் கூடு கொஞ்சம் இழுபட்டு, கழுத்துப் பக்கம் ஒரு மயிரளவு நீண்டுவிடும். நீண்டதை அரத்தால் தேய்த்துப் பழைய உயரத்துக்குக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் கூட்டின் வாய் குழலுக்குள் போய் இறுகி, குண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். முன்னால் போக வழியில்லாத வெடி பின்னால் திரும்பும். பின்னால் இருப்பது சுடுகிறவர் முகம். இதை மாமா முதல் நாளே எனக்குச் சொன்னார், படம் போட்டும் காட்டினார். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி கிடையாது.

உயரம் பார்ப்பதற்கு மாமா ஒரு இரும்புத் தகடு செய்திருந்தார். உள்ளங்கை அளவு, நடுவில் சதுரமாக ஒரு வாய். கூட்டை அந்த வாய்க்குள் நிறுத்தினால் சிக்காமல் நுழைந்து வெளியே வர வேண்டும். சிக்கினால் இன்னும் ராவ வேண்டும். அவ்வளவுதான் விஷயம். குருடனும் செய்யலாம். அந்த வாயை வெட்டிச் சரிபார்க்க அவருக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. ஒரு கூட்டை மரக்கட்டைத் துளையில் செருகி, அரத்தைப் படுக்கையாகப் பிடித்து, நாலு தேய்ப்பு, திருப்பி நாலு தேய்ப்பு, தகடு, மறுபடி இரண்டு தேய்ப்பு, தகடு. பிறகு வாயின் உள்ளேயும் வெளியேயும் பிசிரைச் சுரண்டி எடுக்க வேண்டும். பித்தளைப் பொடி மஞ்சள்தூள் மாதிரி மடியில் விழும். அக்கா ஒருநாள் என் வேஷ்டியை உதறிவிட்டு, "இத வச்சுச் சாம்பார் வைக்கட்டா? நெறம் நல்லா வரும்" என்றாள்.

நான் நல்ல வேலைக்காரன் இல்லை. சலிப்புத் தட்டிவிடும். பத்துக் கூடு ராவினால் பதினொன்றாவது கூட்டில் மனசு சினிமாக் கொட்டகைக்குப் போய்விடும். ஆனால் தகடு ஏமாற்றாது என்பதால் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

தசரா வந்தது. மைசூரில் அந்தப் பத்து நாளும் ஊரே ஊராக இருக்காது. எனக்கோ குஸ்திப் பைத்தியம். ஆபீஸ் விட்டதும் குஸ்தி பார்க்க ஓடுவேன், அங்கிருந்து பொருட்காட்சி, அங்கிருந்து விளக்கு அலங்காரம். மாமா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆயுத பூஜையன்று ரைபிளைப் பூஜையில் வைப்பார். மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்து, பத்துத் தோட்டா நிரப்பி, கௌடர் தோட்டத்தில் வருஷத்தின் முதல் குண்டைச் சுட்டுவிட்டு, மத்தியான ஊர்வலத்துக்குள் ஊர் திரும்பிவிடுவார். அதற்கும் பின்னால் வருகிற வாரங்களுக்கும் சேர்த்து முப்பது கூடுகளை ராவி வைக்கச் சொல்லிப் பத்து நாள் முன்னாலேயே என்னிடம் கொடுத்திருந்தார். ஆயுத பூஜை காலையில் என் கணக்கில் எட்டுத்தான் முடிந்திருந்தது.

"மாப்ளே, ஆயித்தா?" என்று கேட்டார். கன்னடமும் தமிழும் எங்கள் வீட்டில் ஒரே தட்டில்தான் பரிமாறப்படும்.

"ஆயித்து மாமா."

இவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது. முடிஞ்சிட்டுதா என்று கேட்டார், முடிஞ்சுது என்றேன். அவர் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. என் வார்த்தையை அப்படியே வாங்கிக்கொண்டு பூஜை வேலையைப் பார்க்கப் போனார்.

கூடத்தில் மனைப்பலகைகளைப் போட்டு எல்லாவற்றையும் வைத்தார்கள். நடுவில் ரைபிள், அதைச் சுற்றி மாமாவின் படம் போடுகிற பெட்டி, தராசு, அளவுத் தகடு, என் அரங்கள், அக்காவின் அரிவாள்மனை, என் பேனா. வாசலில் சைக்கிள். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம், சாமந்திப் பூ. தகட்டின் வாயைச் சுற்றி மாமா சந்தனத்தால் ஒரு மெல்லிய கட்டம் வரைந்தார். பூசணிக்காய் உடைத்தாயிற்று. "நாளைக்குக் காலைல கற்பூரம் காட்டி எடுக்கற வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது. பேனாவக்கூட" என்றார் மாமா. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆபீசுக்கு லீவு என்பதால் பேனா விஷயத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மத்தியானம் சாப்பிட்டதும் அக்காவும் மாமாவும் தெரிந்தவர்கள் வீட்டுப் பொம்மைக் கொலுவுக்குப் போனார்கள். இருபத்திரண்டு கூடுகள் என்னைப் பார்த்தபடி பெட்டிக்குள் கிடந்தன. பூஜையில் இருப்பதைத் தொட எனக்குப் பயம். பக்தி என்று சொன்னால் பொய். அக்கா கண்டுபிடித்துவிடுவாள் என்கிற பயம்தான் பாதி. சந்தனம் கலைந்திருந்தால் தெரிந்துபோகும். ஆனால் வேறு அரத்தால் ராவினால் பூஜைக்கு என்ன குறை? எவ்வளவு புத்திசாலி பாருங்கள் நான்! சந்துக் கோடியில் அந்தோணி என்று ஒருவர் இருந்தார், ரயில்வே பட்டறையில் பிட்டர். அவர் கிறிஸ்தவர், அவர் அரம் பூஜையில் இருக்காது. போய்க் கேட்டேன். தூக்கக் கலக்கத்தோடு எடுத்துக் கொடுத்தவர், என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"தம்பி, அளவு வச்சிருக்கீங்கல்ல?" என்றார்.

"இருக்குண்ணே" என்றேன். இருந்ததே, பூஜையில்.

வீட்டுக்கு வந்து, ஏற்கனவே ராவி முடித்த எட்டில் ஒன்றை எடுத்து அளவாக வைத்துக்கொண்டேன். புதிதாக ராவுவதை அதன் பக்கத்தில் கண்ணாடிச் சில்லின் மேல் நிறுத்தி, இரண்டின் தலையையும் நகத்தால் தடவிப் பார்ப்பேன். நகம் இடறாவிட்டால் சரி. இந்த மட்டும் நல்ல யோசனைதான். எல்லாவற்றையும் அந்த ஒன்றோடேயே ஒப்பிட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். ஆனால் நான் முடித்ததைப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும் அவசரத்தில், கைக்குக் கிடைத்ததை அளவாக வைத்தேன். கைக்குக் கிடைப்பது அப்போதுதான் முடித்தது. ஒன்பதாவதை எட்டாவதோடு பார்த்தேன், பத்தாவதை ஒன்பதாவதோடு. ராவுகிறவன் எப்போதும் சரியாக வந்துவிட்டது என்று நினைக்கிற இடத்தில், ஒரு மயிரளவு முன்னதாகவே கையை நிறுத்திவிடுவான். சோம்பேறி என்றால் கட்டாயம் நிறுத்துவான். அந்த மயிரளவு ஒவ்வொன்றிலும் ஏறிக்கொண்டே போயிற்று. நகத்துக்கு எங்கேயும் இடறவில்லை. முப்பதாவது கூடு எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் திரும்பி வருவதற்குள் அரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கையைப் புளி போட்டுக் கழுவிக்கொண்டு, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன்.

காலையில் கற்பூரம் காட்டி எல்லாவற்றையும் எடுத்தோம். மாமா குளித்து ஈர வேஷ்டியோடு உட்கார்ந்து, பத்துத் தோட்டாவுக்கு மருந்து நிறுத்தார். பெட்டியில் மேலாகக் கிடந்த பத்துக் கூடுகளை எடுத்தார். மேலாகக் கிடப்பது கடைசியாகப் போட்டவைதானே. தகடு அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் சந்தனத்தோடு இருந்தது. ஒன்றே ஒன்றை அதில் நிறுத்திப் பார்த்திருந்தால்! பார்க்கவில்லை. நான் ஆயித்து என்று சொல்லியிருந்தேன் அல்லவா?

தோட்டத்தில் முதல் தோட்டாவைப் போட்டு மூடும்போதே, "இன்னைக்குக் கைப்பிடி முரண்டு பண்ணுதே" என்றார். பூஜைச் சந்தனம் உள்ளே போயிருக்கும் என்று கௌடர் சிரித்தார். முதல் குண்டு அட்டையின் நடுவில் விழுந்தது. இரண்டாவதும். மூன்றாவதுக்குக் கைப்பிடியை ஓங்கித் தட்டி மூட வேண்டியிருந்தது. நான் வழக்கம்போலக் காதைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றேன். ஆகையால் எதையும் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. திரும்பியபோது மாமா மண்ணில் உட்கார்ந்திருந்தார். வலது கண்ணை இரண்டு கையாலும் மூடியிருந்தார். விரல்களுக்கு நடுவே ரத்தம் வந்துகொண்டிருந்தது. அப்போதும் என்ன கேட்டார் தெரியுமா? "நீ தள்ளித்தானே நின்ன மாப்ளே?"

கௌடரின் வண்டியில் ஸ்ரீரங்கப்பட்டணம், அங்கிருந்து ஜட்கா. மைசூருக்குள் நுழைந்தபோது ஊர்வலத்துக்குக் கூட்டம் கூடிவிட்டது. எந்தத் தெருவிலும் வண்டி நகரவில்லை. மரத்திலும் மாடியிலும் ஆட்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற தெருவைப் போலீஸ்காரர்கள் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். ஜட்காக்காரர் இறங்கிக் கெஞ்சினார், நான் கத்தினேன், யார் காதில் விழும்? பாண்டு வாத்தியம் முழங்குகிறது. மாமா என் தோளில் சாய்ந்துகொண்டு, முகத்தில் துண்டை அழுத்தியபடி, "யானை வந்துடுச்சா?" என்று கேட்டார். வருகிறது என்றேன். "நீயாவது எட்டிப் பாரு. வருஷத்துக்கு ஒரு தடவை" என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் வலியில் உளறுகிறார் என்று ஜட்காக்காரர் நினைத்தார். உளறவில்லை, அவர் சுபாவமே அப்படி.

கண் போய்விட்டது. வேறெதற்கும் சேதமில்லை. கையில் ஒரு கீறல்கூட இல்லை என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார்.

இதற்கு மேல்தான் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. அன்று சாயங்காலம் அக்காவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பூட்டைத் திறந்ததும் நேரே பின்கட்டுக்குப் போனேன். மிச்சம் இருபது கூடுகள். தகட்டை எடுத்து ஒவ்வொன்றாக நிறுத்தினேன். எட்டு நுழைந்தன. பன்னிரண்டு நுழையவில்லை. நகத்தின் கனத்துக்குக் கூடுதலாக நின்ற கூடும் அதில் இருந்தது. கடைசிப் பத்தும் இதைவிட மோசமாக இருந்திருக்க வேண்டும். அவற்றைப் பார்க்க வழியில்லை. கௌடர் பயந்துபோய் வெடிக்காத தோட்டாக்களையும் வெற்றுக் கூடுகளையும் சேர்த்துக் காவிரியில் எறிந்துவிட்டார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். தகட்டையும் கூடுகளையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும், இல்லையா? நான் என் அரத்தை எடுத்தேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக அளவுக்கு ராவினேன். என் ஆயுசில் அவ்வளவு அக்கறையாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. நாலு தேய்ப்பு, தகடு, ஒரு தேய்ப்பு, தகடு. பிசிர் எடுத்தேன். பொடியைக் கூட்டி வாரிச் சாக்கடையில் போட்டேன். பிறகு மாற்றுத் துணியை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் மாமாவின் காலடியில் உட்கார்ந்தேன்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்ததும் மாமா முதலில் கேட்டது அந்தப் பெட்டியைத்தான். "எங்க தப்புன்னு தெரியணுமே" என்றார். ஒரு கண்ணில் கட்டு. தகட்டைக் கையில் வாங்கி, இருபது கூடுகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். பார்வை இன்னும் பழகவில்லை, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று, இருபதும் போயிற்று. நான் தூணோடு தூணாக நின்றேன். கடைசிக் கூட்டையும் பெட்டியில் வைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, "உன் வேலை பழுதே இல்ல மாப்ளே. அப்ப நான்தான். மருந்த அதிகமாப் போட்டிருக்கேன்" என்றார். தராசைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். போலீஸ் விசாரணைக்கு வந்தபோதும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரைபிளை அவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒற்றைக் கண்ணோடு படம் போடுகிறவர்கள் உண்டு. அவர் ஆபீசிலேயே மேலதிகாரி அப்படித்தான் சொன்னாராம், "நிதானமா வாங்க, கை பழகிடும்." போனார். மேஜைமேல் காகிதத்தை விரித்து ஒரு கோடு இழுப்பார். உடனே ரூல்தடியை வைத்துப் பார்ப்பார். கோடு சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் மறுபடி அளப்பார், அழிப்பார், மறுபடி இழுப்பார். காகிதம் பஞ்சு பஞ்சாகப் போகும்வரை அழிப்பார். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரைப் பழைய படங்கள் அடுக்கி வைக்கிற அறைக்கு மாற்றினார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் கோலத்துக்குக் கூப்பிட வந்தால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வேண்டாம்மா, என் கை சரியில்ல" என்பார். கைக்கு என்ன கேடு? ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் தெரியும் ஒன்றுமில்லை என்று. மார்கழியில் அக்கா வாசலில் கோலம் போட்டால் அவர் அதைப் பார்க்காமல் தாண்டிப் போவார். புள்ளி தப்பு என்று ஒருநாளாவது சொல்ல மாட்டாரா என்று அக்கா நின்று பார்ப்பாள்.

சொல்ல முயன்றதே இல்லை என்று நினைக்காதீர்கள். ஒருமுறை குக்கரஹள்ளிக் கெரே கரையில் நடந்துகொண்டிருந்தோம். ஏரியில் பறவைகள் இறங்கிக்கொண்டிருந்தன. துணிச்சலை வரவழைத்துக்கொண்டு, "மாமா, அன்னைக்கு அந்தத் தோட்டா..." என்று ஆரம்பித்தேன். அவர் என் முதுகில் கை வைத்து, "விடுடா மாப்ளே. என் தப்புக்கு நீ எதுக்கு வாடுற?" என்றார். இரண்டு வார்த்தை கூடுதலாக நான் சொல்லியிருக்கலாம். அவர் கை என் முதுகில் இருந்தது. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

சண்டை முடிந்தது. மகாராஜா ஆட்சியும் முடிந்தது. எனக்குக் கல்யாணமாயிற்று, வேறு வீடு பார்த்துக்கொண்டு போனேன். மாமாவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை, ஒருநாள் காலையில் ஆபீசுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அக்காவிடம் பல வருஷம் கழித்துச் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பூஜை, அந்தோணியின் அரம், ஒன்றை வைத்து இன்னொன்றை அளந்தது, எல்லாம் சொன்னேன். சாயங்காலம் ராவியதையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. பொறுக்கிக்கொண்டே, "எப்பத் தெரியும் உனக்கு?" என்றாள்.

"அன்னைக்குச் சாயங்காலமே."

இரண்டு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "சாகற வரைக்கும், பால்காரருக்கு எழுதற சீட்டக்கூட என்கிட்ட நீட்டி, 'சரியா இருக்கா பாரும்மா, எனக்கு என் கைமேல நம்பிக்கை இல்ல'ன்னு கேட்டாருடா. ஒரு நாள் விடாம கேட்டாரு."

முறத்தை ஒருமுறை புடைத்துவிட்டு எழுந்தாள். "சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். சாப்பிட்டேன். பரிமாறினாள். அதற்கப்புறமும் நல்லது கெட்டதுக்கு வந்தாள், போனாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சின்ன வயசிலிருந்து அவ்வளவு திட்டியவள், திட்டுவதை நிறுத்திவிட்டாள். சாகும்வரை என்னிடம் மரியாதையாகவே பேசினாள்.

அவளும் போய் இரண்டு வருஷமாகிறது. அக்ரஹாரத்து வீட்டை இடித்து வரிசையாகக் கடை கட்டிவிட்டார்கள். அந்தோணியின் மக்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ. மாமா போட்ட படம் ஒன்றாவது கிடைக்குமா என்று அவருடைய பழைய ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். அடுக்கு அடுக்காக இருந்தவை செல்லரித்துப் போனதால் எரித்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்தக் கை இழுத்த கோடு இனி இந்த ஊரில் எங்கேயும் இல்லை.

மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் சில சமயம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். "மாமா, உங்க கைமேல தப்பே இல்ல." ஏழெட்டு விநாடி ஆகிறது சொல்ல. அதற்கப்புறம் அவர் உயிரோடு இருந்த பத்து வருஷத்தில் எனக்கு அந்த ஏழெட்டு விநாடி கிடைக்கவில்லை. இப்போது உங்களிடம் இவ்வளவு விவரமாகச் சொல்ல முடிகிறது. உங்களுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை, அதனால்தான் முடிகிறது.